கால் நனையாத படகு

போன வாரம் போஸ்ட்மேன் ஒரு பெரிய கவரைக் கொண்டுவந்து போட்டார். பத்திரிகை ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே முழுக்க உங்கள் கடிதங்கள்.

எல்லாமே ஒரே விஷயத்தைப் பற்றி. கார்த்திகை மாதம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய ‘தண்ணீருக்குப் பயந்த மீனவர்’ கட்டுரையைப் பற்றி.

திருச்சி வாசகர் ஒருவர் அந்த மீனவருக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சேலத்திலிருந்து நான்கு கல்லூரி மாணவிகள் ஒரே இன்லண்ட் லெட்டரில் கையெழுத்துப் போட்டு, ‘ஹாஸ்டலே சிரித்தது சார்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கார்ட்டூனே வரைந்து அனுப்பியிருக்கிறார். நடுக்கடலில் நாற்காலி போட்டு, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு தூண்டில் போடுகிற ஓர் ஆள். நன்றாகவே வரைந்திருக்கிறார்.

தனித்தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் கடிதத்திலேயே பேனா நின்றுவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். இந்த வாரம் சிரிப்பு இருக்காது... அதற்காக மட்டும் வருகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த மீனவர் தண்ணீருக்குப் பயந்தவர் இல்லை. அதுதான் விஷயம்.

மழைக்காலத்தில் மரக்காணத்தில் உப்பு விளையாது. பாத்தியெல்லாம் முழங்கால் தண்ணீரில் கிடக்கும். கூலிக்கு வருகிறவர்கள் பிரம்மதேசம் பக்கம் நடவுக்குப் போய்விடுவார்கள். உப்பள ஆபீசில் கணக்கெழுதும் என்னைப் போன்றவர்களுக்கு ஈ ஓட்டுகிற வேலைதான். அந்த மாதங்களில்தான் என் தச்சு வேலை கொடிகட்டிப் பறக்கும். மாட்டை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையை நான் ஒர்க்‌ஷாப் ஆக்கியதும், அங்கே நான் செய்த மூன்று கால் ஸ்டூலில் உட்கார்ந்து என் மைத்துனர் விழுந்ததும் பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

ஐப்பசி மாதம், ஒரு மழை விட்ட காலை. கொட்டகை வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஊருக்குக் கிழக்கே இருக்கும் குப்பத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பெயர்... ஏழுமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயர் அதுவல்ல.

“சார், நீங்க மர வேல செய்வீங்களாமே.”

“செய்வேன். நிக்குமான்னு கேக்காதே” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஒரு சின்ன படகு கட்டணும் சார். ஒத்த ஆளு போறாப்ல. பலக, ஆணி, தாரு எல்லாம் நானே வாங்கியாறேன். ஒங்க எடமும் சாமானும் வேணும். கூடமாட நீங்க ஒரு கை புடிச்சா போதும்.”

“குப்பத்துல ஆளுக்கு ஒரு கட்டுமரம் வச்சிருக்கீங்க. ஒனக்கு எதுக்குய்யா படகு?”

“கட்டுமரத்துல காலு நனையுது சார்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன செய்ய? பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற மனிதர், கால் நனைகிறது என்கிறார்! அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “எனக்குக் காலு நனையாத ஒண்ணு வேணும் சார். கடலுக்குப் போகல. கழுவெளியிலயே எறா புடிச்சிக்கிறேன்” என்றார். உப்பளத்தை ஒட்டிக் கிடக்கும் அந்தப் பெரிய காயலுக்குத்தான் இங்கே கழுவெளி என்று பெயர். ஆழம் இல்லை, அலை இல்லை. இறால் உண்டு.

சரி என்றேன். படகு கட்டும் ஆசை எந்தத் தச்சனுக்குத்தான் இல்லை? அதிலும் அரைகுறைத் தச்சனுக்கு?

அன்று மாலையே உட்கார்ந்து கட்டுரையை எழுதினேன். ‘தண்ணீருக்குப் பயந்த மீனவர்.’ கை தானாக ஓடியது. பெயர் போடவில்லை. குப்பத்தின் பெயரும் போடவில்லை. மறுநாள் தபாலில் சேர்த்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வந்து ரம்பத்தைக் கையில் எடுத்தேன்.

பன்னிரண்டு அடிப் படகு. தட்டையான அடிப்பாகம். மாம்பலகை, குறுக்கே வேப்பங்கட்டையில் சட்டம். அளவெல்லாம் ஏழுமலை மனதிலேயே வைத்திருந்தார். மரத்தில் விரலால் கோடு இழுப்பார், நான் அறுப்பேன். கோணலாக அறுத்தால், “பரவால்ல சார், இந்தப் பக்கம் வச்சிக்கலாம்” என்பார். என்னோடு வேலை செய்த யாரும் அதற்கு முன் ‘பரவால்ல’ சொன்னதில்லை.

பேச்சு நிறைய. இறால் எந்தத் தண்ணீரில் ஏறும், எதில் இறங்கும், எந்தக் காற்றுக்கு மடவை மீன் துள்ளும் என்று சொல்லிக்கொண்டே வேலை செய்வார். செவ்வாய்க்கிழமை மட்டும் வரமாட்டார். பாண்டிச்சேரி பஸ் பிடித்துப் போவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கூடக் கட்டுமரம் போகும் தேசிங்கு என்பவரிடம், மூட்டுவலிக்கு வைத்தியம் என்று சொல்லிவைத்திருப்பதாக ஒருமுறை அவரே சொன்னார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, பக்கப் பலகையைச் சட்டத்தோடு ஆணி வைத்து இறுக்கிக்கொண்டிருந்தோம். நான் வெளியே நின்று ஆணி அடிக்க வேண்டும். அவர் உள்ளே உட்கார்ந்து, ஆணி முனை வெளிவரும் இடத்தில் ஓர் இரும்புக் கட்டையை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முனை அதில் மோதி மடங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. வரிசையாக ஏழெட்டு ஆணி முடிந்திருந்தது.

அடுத்த ஆணியை அடித்தேன். மெத்தென்று இறங்கியது. மரத்தில் ஆணி அப்படி இறங்காது. ஏதோ சந்தேகம்... ஆனால் உள்ளேயிருந்து குரல், “அடிங்க சார்” என்றது. அவர் இறால் கதையை விட்ட இடத்தில் தொடர்ந்தார். இன்னும் மூன்று அடி கொடுத்தேன்.

அடுத்த இடத்துக்கு நகரப் பார்த்தவர், “என்னா சார் இது... கை வரமாட்டேங்குது” என்றார்.

எட்டிப் பார்த்தேன். இரும்புக் கட்டை வழுக்கிக் கீழே கிடந்தது. அவர் இடது உள்ளங்கை பலகையோடு சேர்ந்திருந்தது. சட்டத்தின் மேல் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படிப் பிடுங்கினேன் என்று எழுத மனம் வரவில்லை. நான்தான் கத்தினேன். அவர் கத்தவில்லை.

துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். பிறகு, “தெரிஞ்சிக்கினீங்களா சார்?” என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

“கையில, கால்ல ரெண்டுலயும் உணர்ச்சி இல்ல சார். பாண்டிக்கு இதுக்குத்தான் போறேன். பெருவியாதி. மாத்திர சாப்புட்டுக்கினுதான் இருக்கேன். அடிக்கால்ல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. ஈரமே படக்கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிஷனா சொல்லிடுச்சு. கட்டுமரத்துல ஈரம் படாம எப்டி சார்?” என்றார். பிறகு, “எனக்கும் அஞ்சலைக்கும்தான் தெரியும். இப்ப ஒங்களுக்கு” என்றார்.

அஞ்சலை அவர் மனைவி. கூடையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். எங்கள் வீட்டுக்கும் வாடிக்கை.

ஒரு மனிதர் உங்களை நம்பித் தன் உயிர் ரகசியத்தைச் சொல்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன். அவர் போனதும் கிணற்றடிக்குப் போய் லைஃப்பாய் சோப்பு கரையும்வரை கை கழுவினேன். என் மனைவி கமலாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “வீட்ல பொம்பளப் புள்ள இருக்குதுங்க. நாளையிலேர்ந்து வேணாம்னு சொல்லிடுங்க” என்றாள்.

சொல்லத் தைரியம் வரவில்லை. கொட்டகையைப் பூட்டிவிட்டு, ஆபீஸ் வேலை என்று இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். கையில் கட்டோடு வந்தார். பூட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். மறுநாளும் அதே. கூப்பிடவில்லை, கதவைத் தட்டவில்லை. ஒரு தடவை தட்டியிருந்தாலும் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். பெரிய முதலியார்சாவடி வருவதற்குள் இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அந்த டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தேன். வெளியே நீளமான க்யூ. கடைசியில் நின்று உள்ளே போனேன். பெயரைச் சொன்னதும் கார்டை எடுத்துப் பார்த்தார்.

“என்ன தெரியணும்?”

“தொத்துமா டாக்டர்?”

“ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடறார். ஒரு வாரம்கூடத் தவறினதில்ல. அவரால உங்களுக்கு ஒண்ணும் வராது.” கார்டை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆணி அடிச்சது நீங்கதானா?”

“ஆமாம்.”

“அவருக்கு வலி தெரியாது. அது வியாதியைவிட மோசம். சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. அப்படித்தான் விரலெல்லாம் போகுது. தினமும் வேலை முடிஞ்சதும் யாராவது அவர் கையையும் காலையும் பார்க்கணும். உங்களால முடியுமா?”

முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கேதான் நான் உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் ஞாபகம் வந்தது, என் கட்டுரை! இன்னும் அச்சாகியிருக்காது. தந்தி கொடுத்தால் நிறுத்திவிடலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகப் போஸ்ட் ஆபீஸுக்குப் போனேன். ஃபாரம் வாங்கினேன். ‘கட்டுரையை நிறுத்தவும்’ என்று எழுதியும்விட்டேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்தினால் அதற்குப் பதில் வேறு கேட்பார்களே, அவசரத்துக்கு என்ன எழுதுவது? பெயர்தான் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி இரண்டு காரணம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது காரணத்தைச் சொல்லிக்கொள்ளவில்லை. கட்டுரை நன்றாக வந்திருந்தது. அச்சில் பார்க்க ஆசையாக இருந்தது.

ஃபாரத்தைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் கொட்டகையைத் திறந்து வைத்து, குப்பத்துக்கு ஆள் அனுப்பினேன். ஏழுமலை வந்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. இழைப்புளியை எடுத்துக்கொண்டு விட்ட வேலையைத் தொடங்கினார்.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் ஒரு காரியம். கைகளைக் கழுவிவிட்டுப் பலகை மேல் விரித்து வைப்பார். நான் ஒவ்வொரு விரலாகப் பார்ப்பேன். மரச் சிலாம்பு ஏறியிருக்கிறதா, உளி பட்டிருக்கிறதா, பீடி சுட்டிருக்கிறதா? முதல் நாள் தொடாமல் பார்த்தேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நடுவிரலில் ஒரு சிலாம்பு. எடுக்க வேண்டுமென்றால் பிடித்துத்தானே ஆக வேண்டும்? பிடித்தேன். உழைத்த கை எப்படி இருக்குமோ அப்படிச் சூடாக, சொரசொரப்பாக இருந்தது. நான் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கமலாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சரி என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு டீ வந்தது ஒரு பழைய அலுமினிய டம்ளரில். அது கொட்டகையிலேயே ஓர் ஆணியில் தொங்கியது. வீட்டுக்குள் வராது. எனக்கு வழக்கமான எவர்சில்வர் டம்ளர். அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பலகை இடுக்கில் பஞ்சுத் திரி வைத்து இறுக்கி, குங்கிலியம் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்த வாரத்தில் பத்திரிகை வந்தது.

பத்திரிகையை யார் படிப்பார்கள் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. சேலத்து ஹாஸ்டல், திருச்சி ஆபீஸ் என்று தூரத்தில்தான் கற்பனை போகும். பஸ் ஸ்டாண்டு சலூனில் முடிவெட்டக் காத்திருக்கிறவரை நினைக்க மாட்டோம். யாரோ சத்தமாகப் படித்திருக்கிறார்கள். கடையே சிரித்திருக்கிறது. சோப்பு நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தேசிங்கு.

அவர் சிரிக்கவில்லையாம். கால் நனையக் கூடாது... செவ்வாய்க்கிழமை பாண்டி பஸ்... எப்போதும் துணி சுற்றிய கால்... மூட்டுவலி! பாதி ஷேவிங்கில் எழுந்து போய்விட்டார் என்று சலூன்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்று நாளில் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான்காம் நாள் பகல் பதினோரு மணிக்கு அஞ்சலை எங்கள் வீட்டு வாசலில் வந்து கூடையை இறக்கினார். கூடை நிறைய மீன். பதினோரு மணிக்கு அந்தக் கூடையில் மீன் இருந்து நான் பார்த்ததில்லை.

“மூணு தெரு சுத்தியாச்சு சார். ஒருத்தர் கூடையத் தொடல. எதுத்த தெரு அம்மா கதவ மூடிக்கிச்சு” என்றார். பிறகு, “அந்தப் பொஸ்தகத்துல எழுதினது நீங்களா சார்?” என்றார்.

“ஆமாம்மா.”

“எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டுங்க.”

“வேணாம் அஞ்சலை...”

“ஊரே படிச்சிருக்குது. நான் கேக்கக் கூடாதா?”

படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. நானே எழுதிய வரிகள், எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று யோசித்து யோசித்து வைத்த வரிகள். நிறுத்தாமல் ஓட்டிப் படித்தேன். அஞ்சலை முழுவதும் கேட்டார். முடிந்ததும் இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல சிரிக்கிற எடம் எது சார்?”

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று கூடை மீன் முழுவதையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். “வேணாம் சார்” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். கடற்கரை மணலில் கொட்டி மூடிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

குப்பத்தில் பஞ்சாயத்து கூடியது. ஏழுமலை கடற்கரைக்கு வரக் கூடாது. கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. வலை காயப்போடும் இடத்தில் நடக்கக் கூடாது. இதுதான் முடிவு. டாக்டரம்மாவிடம் மறுபடியும் போய் ஒரு லெட்டர் வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். பெரியவர்கள் ஐந்தாறு பேர் கோயில் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். நான் லெட்டரைப் படித்தேன். விளக்கினேன். சயன்ஸ் பேசினேன். அமைதியாகக் கேட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்க படிச்சவங்க. ஒங்களுக்கு எல்லாம் தெரியுது. ஒங்க வூட்ல அவனுக்கு டீ எதுல சார் குடுக்கறீங்க?” என்று கேட்டார்.

எப்படித் தெரிந்தது? தெரியாமலே கேட்டிருக்கலாம். லெட்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் கமலாவிடம் சொன்னேன். மறுநாள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் டீயோடு அவளே கொட்டகைக்கு வந்தாள். ஏழுமலை அந்த டம்ளரைப் பார்த்தார். எழுந்து போய் ஆணியிலிருந்து அலுமினிய டம்ளரை எடுத்துவந்து நீட்டினார்.

“எனக்கு இதுவே இருக்கட்டும்மா. பழகிடுச்சு.”

கமலா உள்ளே போய் அழுதாள். நான் கொட்டகையிலேயே நின்றேன்.

கட்டுரையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். வேலையைப் பாதியில் விட்டுப் போயிருக்கலாம். அடியில் இரண்டு கோட்டுத் தார் பூசினார். துடுப்பு செதுக்கினார். உட்காரும் பலகைக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் மூங்கில் தட்டு ஒன்று பொருத்தினார். படகுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஏறினாலும் கால் அதற்கு மேலே இருக்கும்.

“ஏழுமலை, நான் அதை எழுதியிருக்கக் கூடாது” என்று ஒருநாள் ஆரம்பித்தேன்.

“அந்தத் திரிய கொஞ்சம் இறுக்குங்க சார். இங்க ஒழுகும்” என்றார்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, உப்பு ஏற்றும் மாட்டு வண்டியில் படகை வைத்துக் கழுவெளிக்குக் கொண்டுபோனோம். வண்டிக்காரர், நான், அவர். தள்ளி இறக்கினோம். மிதந்தது! நான் அறுத்த கோணல் பலகையெல்லாம் சேர்ந்து மிதந்தது. ஏழுமலை ஏறி உட்கார்ந்தார். துடுப்புப் போட்டுக் கொஞ்ச தூரம் போனார், திரும்பினார். நடுவில் நிறுத்திக் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். தூக்கி என் பக்கம் காட்டினார்.

“நனையல சார்!”

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழுவெளியில் இறால் பிடித்தார். கால் புண் சுருங்க ஆரம்பித்தது. கட்டைப் பிரித்துக் காட்டினார், நானே பார்த்தேன். இறாலும் நல்ல இறால்தான். ஆனால் யார் வாங்குவது? ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு கரையில் உட்காரும் ஏஜெண்ட், “ஒன் எறாவ எடுத்தா மத்தவன் எறா எனக்கு வராது ஏழுமலை. என்னைய சங்கடப்படுத்தாதே” என்று சொல்லிவிட்டார். நான் கூனிமேட்டுக்குப் பஸ்ஸில் எடுத்துப் போய்க் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் வாங்கினார்கள். மூன்றாம் நாள் கேட்டார்கள், “இது அந்த ஆளு புடிச்சதா சார்?” மரக்காணத்திலிருந்து கூனிமேட்டுக்கு எத்தனை மைல்? செய்தி என் பஸ்ஸுக்கு முன்னால் போயிருந்தது.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். பெயர் போடாவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறோம். பெயர் என்பது நமக்குத்தான். ஊருக்கு ஒரு கால் போதும்.

போன வியாழக்கிழமை காலை அவர்கள் புறப்பட்டார்கள். மரக்காணத்திலிருந்து வடக்கே போகும் பக்கிங்காம் கால்வாயில் இந்த மாதம் தண்ணீர் இருக்கிறது. விறகுப் படகு ஒன்றிரண்டு இன்னும் ஓடுகிறது. வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியாத ஓர் இடம். பஸ்ஸில் போகலாமே என்றேன். “படக இங்க வுட்டுட்டு அங்க போயி காலு எங்க சார் வைக்கிறது?” என்றார் ஏழுமலை.

ஒருவர் மட்டும் உட்கார வேண்டிய படகு. அதில் இரண்டு பேர், ஒரு தகரப் பெட்டி, சோற்றுப் பானை, சுருட்டிய வலை, மாத்திரை டப்பா. படகின் விளிம்பு நான்கு விரல்தான் தண்ணீருக்கு மேலே நின்றது. கமலா அரிசிப் பை ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள். அஞ்சலை வாங்கி வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

ஏழுமலை கையை நீட்டினார். வழக்கம்போல. நான் விரல் விரலாகப் பார்த்தேன். ஆணி ஏறிய இடத்தில் தழும்பு இருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை.

“இனிமே அஞ்சலை பார்க்கட்டும். தினமும். மறந்துடாதே” என்றேன்.

“சரி சார்.” கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார், “இதெல்லாம் எழுதுவீங்களா சார்?”

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

“எழுதுங்க. அன்னைக்குப் படிச்சி சிரிச்சவங்க இதையும் படிக்கட்டும். ஆனா நாங்க போற ஊரு பேர மட்டும் எழுதிடாதீங்க.”

முந்தின நாள்தான் அந்த ஊர்ப் பெயரை என்னிடம் சொல்லியிருந்தார். எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் வரச்சொல்லி, அடையாளம்கூடச் சொல்லியிருந்தார்.

துடுப்பு தண்ணீரில் இறங்கியது. படகு நகர்ந்தது. அப்போதுதான் அஞ்சலை வாயைத் திறந்தார். என்னிடம் இல்லை, அவரிடம். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கால்வாயில் சத்தம் நன்றாகக் கேட்கும்.

“அவருகிட்ட ஏன்யா சொன்ன?”

ஏழுமலை பதில் சொன்னாரா என்று தெரியவில்லை. படகு வளைவில் திரும்பி மறைந்தது.

எந்த ஊர் என்று அன்று சாயந்திரம் கமலா கேட்டாள். அவளிடம்கூட நான் சொல்லவில்லை.